கல்லறைத் தோட்டத்துச் சுவர் யார் பொறுப்பு?

1871இல் எருசலேமில் பழைய கட்டடங்களைத் துருவிக்கொண்டிருந்த பிரெஞ்சு ஆய்வாளர் சார்ல் கிளெர்மோன்-கன்னோவின் கண்ணில் ஒரு சுண்ணாம்புக் கல் பட்டது. அதில் கிரேக்க மொழியில் ஏழு வரிகள். பிற இனத்தார் எவரும் இந்தத் தடுப்பைத் தாண்டி உள்ளே வரக்கூடாது, மீறி வந்து பிடிபட்டால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்பது அவற்றின் சாரம். ஏரோது எழுப்பிய ஆலயத்தில் வெளிமுற்றத்தையும் உள்முற்றத்தையும் பிரித்த தடுப்பில் பதித்திருந்த எச்சரிக்கை அது. இன்று அந்தக் கல் இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பவுல் பிடிபட்டதும் இந்தத் தடுப்பின் பேரால்தான். எபேசு ஊரானாகிய துரோப்பீமுவை உள்ளே கூட்டிவந்து ஆலயத்தைத் தீட்டாக்கிவிட்டார் என்று கூட்டம் அவரை அடித்து இழுத்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த எபேசுவின் பெயர் தாங்கிய நிருபத்தில்தான், இரு கூட்டத்தாருக்கும் நடுவே நின்ற சுவரைக் கிறிஸ்து தகர்த்துவிட்டார் என்ற வாதம் வருகிறது. ஆலயம் அழிந்தது கி.பி. 70இல். மரபு சொல்வதுபோல் பவுல் சிறையிலிருந்து அதை எழுதியிருந்தால், கல்லால் ஆன தடுப்பு அப்போது அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கண்ணெதிரே நிற்கும் சுவரைப் பார்த்து, இது விழுந்துவிட்டது என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

நம் ஊர்ச் சுவர்கள் அவ்வளவு கம்பீரமானவை அல்ல. இடுப்பளவு இருந்தால் அதிகம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைப் பிரிக்கும் சுவர் செய்தித்தாள்களில் அடிபட்டதால் வெளியூர்க்காரருக்கும் தெரியும். செய்திக்கு வராத சுவர்கள் வேறு. சில ஊர்களில் சுவரே கிடையாது; ஒரு வேலி, ஒரு வாய்க்கால், அல்லது எல்லாருக்கும் தெரிந்த ஒரு பனைமரம் போதும்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் மாலையில் இப்படிப்பட்ட ஒரு தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். இந்தப் பக்கம் கிரானைட் பலகைகள். பெயருக்குக் கீழே பட்டம், பதவி, பீங்கான் வில்லையில் பதித்த போட்டோ. அந்தப் பக்கம் மண்மேடுகள். தலைமாட்டில் இரண்டு மரத்துண்டுகளைச் சேர்த்து ஆணியடித்த சிலுவை, தகரத்தில் வெள்ளைப் பெயிண்டால் பெயரும் ஆண்டும். செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், வாசலில் ஒரே பூக்காரம்மாவிடம் வாங்கியவை. கல்லறை மந்திரிக்க வரும் பங்குத்தந்தை தீர்த்தச் செம்போடு இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு, தெருவுக்கு வந்து, வேறொரு கேட் வழியாக அந்தப் பக்கம் நுழைவார். குறுக்கே ஒரு திறப்பு வைக்கக்கூட யாருக்கும் தோன்றியதில்லை. ஜெபம் மட்டும் மாறுவதில்லை. உயிர்த்தெழுதலில் எல்லாரும் ஒரே எக்காளத்துக்கு எழுந்திருப்பார்கள் என்று இரண்டு பக்கமும் சொல்லப்படுகிறது.

இந்தச் சுவர் யாருடையது என்று கேட்டால் பதில் கிடைக்காது. பங்குத்தந்தை பங்குப் பேரவையைக் காட்டுவார். பேரவைக்காரர்கள் ஊர்ப் பெரியவர்களைக் காட்டுவார்கள். பெரியவர்கள், ‘மேற்றிராசனத்தில் கேளுங்கள்’ என்பார்கள். மேலே கேட்டால் காலம் கனியவில்லை என்பார்கள். தாசில்தாரிடம் போனால் அது மத விவகாரம். சீர்திருத்த சபைகளில் சொற்கள்தான் வேறு: சேகரகுரு, கமிட்டி, திருமண்டலம், பேராயர் என்று அதே வட்டம் சுற்றிவரும். எல்லாரும் சேர்ந்து கட்டிக் காக்கும் ஒன்றை ஒருவர் மட்டும் இடித்துவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை ஒவ்வொருவரும் தன் கையைக் கழுவிக்கொள்ளத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அடக்க நிலத்தைப் பற்றி வேதாகமம் பேசாமல் இல்லை. முற்பிதாக்களின் கதையில் ஆபிரகாம் விலைகொடுத்து வாங்கியதாகச் சொல்லப்படும் முதல் நிலமே மனைவியைப் புதைக்க வாங்கியதுதான். ஆதியாகமம் 23ஆம் அதிகாரம் முழுக்க ஒரு நிலப் பேரம். ஏத்தியனான எப்பெரோன் சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். ஆபிரகாம் 400 வெள்ளிச் சேக்கலை எடைபோட்டுக் கொடுத்து, சாட்சிகள் முன்னால் மக்பேலாக் குகையை உறுதி செய்துகொள்கிறார். பரதேசியாக வந்தவனுக்குச் செத்தால் புதைக்க ஓரடி மண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. புதிய ஏற்பாட்டில் யூதாஸ் திருப்பி எறிந்த காசைக் கொண்டு ஆசாரியர்கள் குயவனின் நிலத்தை வாங்குகிறார்கள், அந்நியரைப் புதைப்பதற்கு. ஆலயத்துக்குள் சேர்க்கத் தகாத பணம், சேர்க்கத் தகாத ஆட்களுக்கு! மத்தேயு இதில் ஒரு கசப்பான நகைப்பை ஒளித்து வைத்திருக்கிறார் என்றே படுகிறது.

மத்தேயுவின் அதே அதிகாரத்தில் அரிமத்தியா ஊர் யோசேப்பு வருகிறார். பணக்காரர். தனக்கென்று பாறையில் வெட்டிவைத்த புதுக் கல்லறையை, நகரத்துக்கு வெளியே குற்றவாளிகளோடு கொல்லப்பட்ட ஒருவருக்குக் கொடுக்கிறார். நம் சபைகளின் விசுவாசம் ஒரு இரவல் கல்லறையிலிருந்து தொடங்கியது. நிலம் கொடுத்தவர் குடும்பத்தாருக்கு மட்டும் என்று யோசேப்பு நிபந்தனை போட்டிருந்தால் ஈஸ்டரைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

இது ஒன்றும் சும்மா வரும் எடுத்துக்காட்டு இல்லை. சுவருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் மிக வலுவானது இதுதான்: ‘இந்த இடம் எங்கள் தாத்தா எழுதிக்கொடுத்தது. எங்கள் ஆட்கள் இங்கே படுத்திருக்கிறார்கள்.’ இதை ஏளனமாகத் தள்ளிவிடக் கூடாது. தகப்பன் பக்கத்தில் தனக்கும் ஒரு குழி வேண்டும் என்று நினைப்பவரைச் சாதி வெறியர் என்று திட்டிவிட்டுப் போவதில் நியாயம் இல்லை. இருக்கிற எலும்புகளை யாரும் கிளறச் சொல்லவில்லை. ஆனால் கோயிலுக்கென்று எழுதிக்கொடுத்த நிலம் கோயிலுக்குத்தான் சொந்தம். தாத்தா செய்தது தர்மம் என்றால், அதைப் பேரன் திரும்பக் கேட்பது அந்தத் தர்மத்துக்கு இழுக்கு.

இந்த நோய்க்கு வயது அதிகம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி மேல்சாதியாரைச் சென்றடைவதற்காகச் சந்நியாசிக் கோலம் பூண்டார். பின்னர் மதுரை மறைப்பணியில் மேல்சாதியாருக்குப் பிராமணச் சந்நியாசிகள் என்றும் மற்றவருக்குப் பண்டார சாமிகள் என்றும் குருக்களே இரு வகையாகப் பிரிந்தார்கள். நோக்கம் நல்லதாக இருந்திருக்கலாம். விளைவை நாம் இன்றும் சுமக்கிறோம். சீர்திருத்த சபைகளில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: திருச்சபைக்குள் சாதி கைவிடப்பட வேண்டும், உடனே, முற்றாக. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். சாதி வழக்கத்துக்கு ஆதரவாக மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர்களில், நாம் இன்றும் உருகிப் பாடும் பாடல்களின் ஆசிரியர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவர் பாட்டைப் பாடுவதை நிறுத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பக்தியும் சாதியும் ஒரே நெஞ்சில் சங்கடமில்லாமல் குடியிருக்க முடியும் என்பதற்கு அவரைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது, அவ்வளவுதான்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கதை வேறு மாதிரி. பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்றது அந்த ஊரில்தான். அங்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கோயிலுக்கு இரண்டு கூடங்கள், நடுவே சுவர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பீடம். வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம். திருப்பலி ஒன்று, நற்கருணை ஒன்று, பார்க்கும் திசையும் ஒன்று. 1910இல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், கோயிலுக்குள் சாதியின் பேரால் தனியிடம் கேட்க உரிமையில்லை என்று 1916இல் முடிந்தது. வில்சனிடம் ஓர் ஆணை மட்டும் இருந்தது. வடக்கன்குளத்தில் பிரிக்கப்பட்ட மக்களின் நெடுநாள் ஆத்திரமும், தோளோடு நின்ற குருவும், பின்வாங்காத நீதிமன்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்தன. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு.

ஆனாலும் கதை அங்கே முடிந்துவிடவில்லை. நேற்று வெளியே நிறுத்தப்பட்டவன் இன்று வாசலில் காவல் நிற்பது நம் சாதி அமைப்பின் பழைய தந்திரம். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கத்து எறையூரில் தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியர் கத்தோலிக்கருக்கும் மூண்ட மோதலில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தார்கள். தனிப் பாதை, தனிக் கல்லறை, தனி இருக்கை என்று நெடுங்காலம் பொறுத்துச் சலித்தவர்கள் கடைசியில் தனிப் பங்கு கேட்டார்கள். தனிப் பங்கு என்பது சமத்துவம் ஆகாது என்று அவர்களுக்குப் புத்தி சொல்ல எளிது. ஒரே பங்கில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

குருக்களையும் போதகர்களையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் நமக்கு உடன்பாடில்லை. கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் பேதுரு புறவினத்தாரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பேதுருவுக்குக் கொள்கைத் தெளிவு இல்லாமல் இல்லை. கொர்நேலியுவின் வீட்டிலேயே அது தீர்ந்திருந்தது. அவருக்கு இருந்தது சொந்த ஆட்களின் மீதான பயம். அவரைப் பார்த்து பர்னபாவும் எழுந்துவிட்டார். எத்தனை பேரைப் பார்க்கிறோம் இப்படி! செமினரியில் தலித் இறையியல் படித்துத் தேர்ச்சி பெற்ற இளம் குரு, முதல் நியமனத்தில் ஊருக்கு வருகிறார். பிணத்தைக் கொண்டுபோகும் தூம்பா இரண்டு இருப்பதைப் பார்த்து, இனி ஒன்றுதான் என்கிறார். அடுத்த வாரம் காணிக்கைத் தட்டு காலி. திருவிழாவுக்குக் கொடியேற்ற ஆளில்லை. ஆயர் இல்லத்துக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் போகிறார்கள். மே மாத மாற்றல் பட்டியலில் அவர் பெயர் வருகிறது. பிறகு வருபவர் புத்திசாலித்தனமாக இரண்டு தூம்பாவுக்கும் பெயிண்ட் அடித்துவைக்கிறார்.

பவுல் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். தனியே அழைத்துப்போய்க் காதில் சொல்லவில்லை, ஏனென்றால் பேதுரு எழுந்தது எல்லார் கண்ணெதிரே. ஒரு குருவை மாற்றச் சொல்லி வேன் கிளம்பும்போது, அவர் இருக்கட்டும் என்று சொல்ல இன்னொரு வேன் கிளம்பாதவரை, மாற்றல் உத்தரவில் கையெழுத்து ஆயருடையதாக இருக்கலாம், எழுதியவர்கள் நாம்.

புதைக்க இடம் மறுக்கப்படுவதன் வலி கிறிஸ்தவர்களுக்குத் தெரியாததில்லை. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. ஆம்புலன்ஸும் கல்லால் அடிக்கப்பட்டது. நள்ளிரவில் வேலங்காட்டில், நண்பரான இன்னொரு மருத்துவர் தானே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்தார். ஊரே தலைகுனிந்தது. அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறைத் தண்டனை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் ஒரு போதகரின் உடல் ஏறக்குறைய 3 வாரம் பிணவறையில் கிடந்தது. முன்னோர் புதைக்கப்பட்ட அதே கிராமத்தில் அவரைப் புதைக்கக் கூடாது என்று ஊரார் மறித்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் வெவ்வேறு தீர்ப்பு எழுதினார்கள். கடைசியில் ஊரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு அப்பால் வேறிடத்தில் அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. நம் பேரவைகள் அறிக்கை விட்டன, கண்டனக் கூட்டம் போட்டன. சரியான காரியம். அந்தக் கூட்டங்களுக்கு வந்தவர்களில் சிலர் ஊர் திரும்பியபோது அவர்களுடைய கல்லறைத் தோட்டத்திலும் ஒரு சுவர் இருந்தது.

அரசின் பங்கைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கொள்ளாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது தளர்த்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இசுலாமியருக்கும் இல்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்த மத நிபந்தனையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் இதே கேள்வியை ஆராயப் பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழக சட்டமன்றம் கிறிஸ்தவருக்கும் இந்தத் தளர்வைக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. சேரியில் பிறந்தவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் சேரி மாறிவிடுவதில்லை. சான்றிதழ் மட்டும் மாறுகிறது. இந்த அநீதிக்கு எதிரான குரலில் எல்லாக் கட்சிகளும் சேர வேண்டும்.

இங்கே ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. ஆணையத்தின் முன் போய், ‘எங்களுக்குள்ளும் சாதி இருக்கிறது, ஆகவே உரிமை தாருங்கள்’ என்கிறோம். ஞாயிறு பிரசங்கத்தில், ‘கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை’ என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சான்று கல்லறைச் சுவர். முதல் இடத்தில் அதைக் காட்டுகிறோம், இரண்டாவது இடத்தில் மறைக்கிறோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. தேவசகாயத்தைப் புனிதராக்கும் முன் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கியது. 2022 மே 15 அன்று அவர் வெறும் தேவசகாயமாகப் புனிதரானார். பெயர்ப் பலகையைத் திருத்துவது சுலபம் என்று சிலர் சிரிக்கலாம். அதற்கும் ஒரு விண்ணப்பம் எழுத ஒருவர் வேண்டியிருந்தது.

செய்வது என்ன என்பதற்கு அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் ஒரு வழி இருக்கிறது. அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் விட்டுப்போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறையிட்டார்கள். பன்னிருவரும் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டு, இரு தரப்பிலும் பாதிப்பாதியாக ஆட்களை எடுத்துச் சமாளித்திருக்கலாம். சபையார் எல்லாரும் கூடித் தேர்ந்தெடுத்த ஏழு பேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன தரப்பிடமே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். பெரும்பான்மை தன்னைத்தானே ஒரு படி கீழே இறக்கிக்கொண்ட இந்த முடிவை நம் பேரவைகள் ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

நம் ஊருக்கு அது எப்படிப் பொருந்தும்? கல்லறைத் தோட்டத்தின் சாவியும் அடக்கப் பதிவேடும் சுவருக்கு அந்தப் பக்கத்து ஆட்களிடம் இருக்கட்டும். பங்கில் தூம்பா ஒன்றே. தெரு எதுவானாலும் கோயிலிலிருந்து தோட்டத்துக்குப் பாதையும் ஒன்றே. இனி தோண்டும் குழிகள் இறந்த தேதி வரிசையில் அமையட்டும். குடும்பத்துக்கென்று முன்பே ஒதுக்கிய கல்லறைகள் இருந்தால் அவை நிரம்பும்வரை இருக்கட்டும், புதிதாக ஒதுக்கீடு வேண்டாம். இதனால் முதல் வருடம் சண்டை வரும். காணிக்கை குறையும். அந்தக் குறைவைப் பங்கு மட்டும் தாங்க முடியாது என்றால் மறைமாவட்டமும் திருமண்டலமும் தாங்கட்டும். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை நடத்தும் நிர்வாகத்துக்கு ஒரு சிற்றூரின் தட்டுக் காணிக்கை பெரிய தொகை அல்ல. குருவை மாற்றச் சொல்லி வரும் மனுவை இரண்டு வருடத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று ஆயர் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். அன்பியக் கூட்டங்களில், பெண்கள் சங்கத்தில், வாலிபர் ஐக்கியத்தில் இது பேசப்படட்டும். சுவரைக் காப்பவர்கள் ஆண்கள் கமிட்டியில் உட்கார்ந்திருந்தாலும், இரண்டு பக்கமும் ஒரே பூக்காரம்மாவிடம் பூ வாங்குகிறவர்கள் பெண்கள்தான். அரசும் ஊராட்சிகளும் தங்கள் பங்குக்குச் சாதிவாரியாகச் சுடுகாடும் இடுகாடும் ஒதுக்குவதை நிறுத்தினால், ‘ஊரிலேயே அப்படித்தானே இருக்கிறது’ என்ற சாக்கு போய்விடும்.

பழைய தோட்டங்களில் இடம் நிரம்பிவருகிறது. நகரங்களில் ஒரே குழியைத் திரும்பத் திறந்து அடுத்த தலைமுறையை வைக்கிறார்கள். ஆகவே பல பங்குகளும் சேகரங்களும் புது நிலம் தேடும் நிலையில் இருக்கின்றன. பழைய சுவரை இடிக்கத் தைரியமில்லாத ஊரும் புது நிலத்தில் சுவர் கட்டாமல் இருக்கலாம். வரைபடம் மேசைக்கு வரும்போது அதில் குறுக்குக் கோடு ஒன்று ஓடுகிறதா, வாசல் ஒன்றா இரண்டா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்: பங்குத்தந்தை, பேரவைத் துணைத்தலைவர், மறைமாவட்டப் பொருளாளர், ஊராட்சித் தலைவர், அனுமதி கொடுக்கும் அதிகாரி. இதில் யார் வேண்டுமானாலும் பேனாவை மூடிவைக்கலாம்.